டெக்சாஸ் கொலுவில் அக்கா

நான் ஸ்பானிஷ் வகுப்பில் சேர்ந்தபோது வாய்விட்டுச் சிரித்தவள் என் அக்கா. "மயிலாப்பூர்ல உக்காந்துண்டு யாரோடடா ஸ்பானிஷ் பேசப்போற? தெப்பக்குளத்து மீனோடயா?" என்றாள். அந்த ஸ்பானிஷ்தான் எனக்குச் சோறு போடுகிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிக் காகிதங்களை மொழிபெயர்க்கிற ஆபீஸ் ஒன்றில், ஈக்காட்டுத்தாங்கலில், வேலை. போன வருஷம் அதே அக்கா டெக்சாஸிலிருந்து போன் செய்து, "கண்ணா, எனக்கு உன் ஸ்பானிஷ் கொஞ்சம் வேணும்டா" என்றாள். கண்ணாவாம். சின்ன வயதில்கூட என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவள் ஊர்ப் பள்ளிக்கூட போர்டுத் தேர்தலில் நின்றிருந்தாள். முந்தைய தடவையும் நின்று தோற்றவள். அந்தப் பக்கத்தில் ஸ்பானிஷ் பேசுகிற மெக்சிகோக் குடும்பங்கள் அதிகம். போன தடவை அவர்கள் யார் வீட்டு வாசலையும் மிதிக்காமல் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருந்தாள். நோட்டீஸ் கடைசியில் பஜ்ஜி எண்ணெய் ஒற்றத்தான் ஆகும் என்று மெட்ராஸில் வளர்ந்தவளுக்குத் தெரிய வேண்டாமா? இந்தத் தடவையும் தோற்றால் அந்த ஊர்க் கோயில் கமிட்டி மாமிகள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவள் கவலை.

ஆகவே இந்த முறை வீடு வீடாக. எனக்கு விடியற்காலை, அவளுக்குச் சாயங்காலம். நான் காபி டம்ளரோடு உட்கார்ந்திருப்பேன். அவள் வீடியோ காலில் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டுவாள். அவள் தமிழில் சொல்வதை நான் ஸ்பானிஷில் சொல்ல வேண்டும். அக்கா பேசியதில் முக்கால்வாசியை நான் முழுங்கிவிடுவேன். அவளுக்குக் கொஞ்சம் நல்ல பெயர் வந்ததென்றால் அதனால்தான்.

அப்படிப் போன ஒரு தெருவில் மெக்சிகோக்கார அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவள் தலையாட்டினால் தெருவே தலையாட்டும் என்று அக்காவுக்குத் தகவல். அக்கா நவம்பர் பிறந்த கையோடு பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அங்கே போனாள். அக்கா போனைப் பிடிக்கிற லட்சணத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் உத்தரமும் அவள் முந்தானையும்தான். திடீரென்று ஒரு கூவல்.

"டேய், இவா ஆத்துல கொலு வெச்சிருக்காடா!"

நம் வீட்டுக் கொலு முடிந்து பொம்மைகள் பரணில் ஏறிப் பல நாளாகியிருந்தது. "இப்ப ஏதுக்கா கொலு? போனைத் திருப்பு" என்று கத்தினேன். யார் கேட்டார்கள்? கொலுவைப் பார்த்துவிட்டுப் பாடாமல் எழுந்திருக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை. அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து அம்பாள் மேல் ஒரு பாட்டை எடுத்துவிட்டாள். சரணம் வரை விடவில்லை. முடித்துவிட்டு, "மேல் படில தொப்பி போட்டுண்டு இருக்காரே, எந்த மகான்னு கேளு" என்றாள்.

அப்போதுதான் போன் திரும்பியது. வெள்ளைத் துணி விரித்த படிகள், மெழுகுவத்தி, துலுக்கச் சாமந்தி, ரொட்டி, மண்டையோட்டுப் பொம்மைகள், மேல் படியில் தொப்பிக்காரர் ஒருவரின் போட்டோ. அவர்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை இறந்தவர்களை வீட்டுக்கு அழைத்து வைக்கிற படையல் அது. கேட்டேன். மகான் இல்லை, அந்த அம்மாளின் வீட்டுக்காரர். வசந்த காலத்தில் தவறிப்போனவர்.

அக்காவுக்குச் சொன்னேன். "அய்யய்யோ, கச்சேரி பண்ணிட்டேனேடா. மன்னிப்புக் கேளுடா." கேட்டேன். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவருக்குப் பாட்டென்றால் உயிராம். பிறகு அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு யார் போய்விட்டார்கள்?" என்று கேட்டாள்.

"அம்மா" என்றாள் அக்கா. அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

அம்மா போனபோது அக்காவால் பத்தாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர முடிந்தது. வருஷத் தேவசத்தை நான் பண்ணுகிறேன், பிள்ளை என்பதால். பெண்ணுக்கு அதில் ஒரு வேலையும் கிடையாது. வருஷாவருஷம் போன் செய்து, "ஆச்சா?" என்பாள். "ஆச்சு" என்பேன். அவ்வளவுதான் அவள் பங்கு. அது எனக்கு அதுவரை உறைத்ததே இல்லை.

அந்த அம்மாள் ஒரு படியில் இடம் ஒதுக்கினாள். "ஹால்ல இருக்கிற அம்மா படத்தை எடுத்துண்டு வந்து காட்டு" என்று அக்கா எனக்கு உத்தரவு போட்டு, போனை அந்தப் படியில் சாய்த்து வைத்தாள். ஆக, காபி குடித்துக்கொண்டு உயிரோடு இருக்கிற நானும் மெக்சிகோ பித்ருக்களோடு போய் உட்கார்ந்தேன். சட்டம் போட்ட படம், நல்ல கனம். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். அம்மாவுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டு, அந்த அம்மாள் ஒரு கப் காபி கொண்டுவந்து வைத்தாள். எங்கள் அம்மா பார்த்திருந்தால் அதைக் காபி என்றே ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள்.

அக்கா அப்புறம் ஜெயித்தாள். எப்படி ஜெயித்தேன் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அந்த வீட்டில் அவள் ஓட்டே கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்வதில்லை. நான் அப்போதே ஞாபகப்படுத்தினேன். கை வேறு கடுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா, ஓட்டு..."

"சும்மா இருடா. ஆடாம பிடி. அம்மா குடிக்கட்டும்."