கிராபிக்ஸ் கார்டுக்கு லிட்டர் வெயிட் எவ்வளவு?

அக்கா பிளஸ் டூ முடித்த கோடையில் எங்கள் வீட்டையே கிராபிக்ஸ் கார்டு பைத்தியம் பிடித்து ஆட்டியது. போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற வீடு எங்களுடையது. இன்றைய ஏலத்தில் என்ன விலை போனது, மேலே மலையில் மழை உண்டா இல்லையா, இந்த இரண்டையும் தவிரச் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு வேறு பேச்சு இருந்ததில்லை. அந்த வருடம் மட்டும் குழம்பு முடிந்து ரசம் வருவதற்குள் கோர் எத்தனை, கிளாக் எத்தனை என்று ஆரம்பித்துவிடும். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

விஷயம் இதுதான். அக்காவுக்குக் கோயம்புத்தூர்க் கல்லூரி ஒன்றில் அனிமேஷன் படிக்க இடம் கிடைத்திருந்தது. அப்பாவுக்கு அவளை வெளியூர் அனுப்ப மனமில்லை. அதற்காகக் கத்தவோ மிரட்டவோ இல்லை. வியாபாரி அல்லவா, பேரம் பேசினார். உள்ளூரிலேயே பி.காம் சேர்ந்துகொள், வீட்டுக் கம்ப்யூட்டரில் படம் வேகமாக ஓட எந்தக் கார்டு வேண்டுமானாலும் மாட்டித் தருகிறேன், பொம்மைப் படமெல்லாம் இங்கே உட்கார்ந்தே செய் என்றார். அக்கா தட்டைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே, "நல்ல கார்டா இருக்கணும்ப்பா" என்றாள். சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

ஆறாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு இதைவிடப் பெரிய கொண்டாட்டம் இருந்திருக்க முடியாது. பச்சைப் பெட்டியில் வருவது ஒரு கம்பெனி, சிவப்புப் பெட்டியில் வருவது அதன் எதிரிக் கம்பெனி என்று முதல் நாளே பிடித்துக்கொண்டேன். கார்டுக்குள் கணக்குப் போடுகிற குட்டி மூளைதான் கோராம். ஏன் ஒன்றில் அறுநூற்று நாற்பது கோர், இன்னொன்றில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு? கோர் குறைந்தது எப்படி அதிக விலைக்குப் போகிறது? கேள்வி கேட்டே அக்காவைப் படுத்தி எடுத்தேன்.

அப்பா எல்லாவற்றையும் ஏலக்காய் வழியாகத்தான் பார்ப்பார். கார்டின் மெமரி நான்கு ஜிபி, இரண்டு ஜிபி என்று சொன்னதும் அது காயின் பருமன் என்று முடிவு கட்டிவிட்டார். எட்டு எம்எம் காய் இருக்கும்போது ஏழு எம்எம் காயை எவனாவது எடுப்பானா? நான்கு ஜிபி கார்டுக்கு அன்றே ஆர்டர் சொல்லத் தயாரானார். அக்காதான் தடுத்தாள். அந்த நான்கு ஜிபி கார்டில் இருப்பது பழைய மெமரி, பாதையும் குறுகல், இரண்டு ஜிபி கார்டு அதைவிடப் பல மடங்கு வேகமாகத் தகவலை எடுத்து வைக்கும் என்றாள்.

"அட, குடோனு பெருசு, லோடு எறக்குற வாசல் சிறுசு. அப்படித்தான ஆத்தா?" என்று அப்பா பிடித்துக்கொண்டார். அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. "பருமன் கெடக்கட்டும். இதுக்கு லிட்டர் வெயிட்டு எது?"

ஒரு லிட்டர் படியில் காயை நிரப்பி எடை போடுவார்கள். கனமாக நின்றால் உள்ளே அரிசி, அதாவது விதை, நிறைந்திருக்கிறது, இல்லையென்றால் வெறும் தோல். கார்டுக்கு அப்படி ஒரு எண் உண்டா என்று தேடுவது என் சோலியாகிவிட்டது. கோர் எண்ணிக்கையைக் கிளாக் வேகத்தால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் அந்தக் கார்டு ஒரு நொடியில் அதிகபட்சம் எத்தனை கணக்குப் போடும் என்று வரும் என அக்கா சொல்லிக் கொடுத்தாள். இருக்கிற கார்டுக்கெல்லாம் பெருக்கி, அப்பாவிடம் பெருமையாக ஒப்பித்தேன். அவர் அசரவில்லை. "இது காய் விக்க வர்ற தோட்டக்காரரு வாயால சொல்ற வெயிட்டு பாப்பா. நம்ம தராசுல வெச்சா எவ்வளவு நிக்கும்?" என்றார். அதற்கு வீடியோக்கள் இருந்தன. ஒரே விளையாட்டை இரண்டு கார்டிலும் ஓட்டிக் காட்டுவார்கள். கணக்கில் முன்னால் நின்ற சிவப்புக் கார்டு ஓட்டத்தில் பச்சையிடம் தோற்றதைப் பார்த்து நான் வாயைப் பிளந்தேன்.

இப்படி நாங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அக்கா அதில் ஒரு குறை வைத்திருப்பாள். ஒன்று நீளம், பெட்டிக்குள் நுழையாது என்றாள். அப்பா டேப் வைத்து அளந்து, நுழையும் என்றார். இன்னொன்றுக்கு மின்சாரம் போதாது என்றாள். புது பவர் சப்ளையும் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம் என்றார். மற்றொன்றின் காற்றாடி சத்தம் போடுமாம். கோயம்புத்தூர்ச் சேர்க்கைக்குக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது, அது எங்கள் யார் வாயிலும் வரவில்லை. கடைசியில் அப்பாவே ஒரு பச்சைப் பெட்டியை முடிவு செய்து, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினார்.

கடைக்காரர் கார்டை மேசைமேல் வைத்தார். விரித்த என் இரண்டு கையையும் நிறைக்கும் அளவு, இரண்டு காற்றாடிகள். தொட்டுப் பார்க்க விரல் துறுதுறுத்தது. அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்த மாடல் வரப் போகுதாம்ப்பா, பொறுத்து வாங்கலாமா?" என்றாள்.

அப்பா சிரித்தார். பிறகு ஏதோ உறைத்தது போலச் சிரிப்பை நிறுத்தி, அவளையே பார்த்தார்.

"ஏலத்துல ஒருத்தன் எந்தச் சாம்பிளை நீட்டுனாலும் குத்தம் சொல்லுவான். பச்சை பத்தலைம்பான், வெடிச்ச காயிம்பான். அவனுக்கு அன்னைக்குச் சரக்கே வேண்டாம்னு அர்த்தம். இத்தனை வருசம் அங்கன உக்காந்துட்டு எனக்கு இது தெரியாமப் போச்சே" என்றார். கார்டை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "உனக்கு என்ன வேணும்னு வாயத் தொறந்து சொல்லு ஆத்தா" என்றார்.

"காலேஜுக்குப் போறேன்ப்பா" என்றாள் அக்கா. அவ்வளவுதான், அழுதுவிட்டாள். கடைக்காரர் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

அப்பா அவள் தோளைத் தட்டினார். கார்டைப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். அடுத்த தெருவில் ஒரு நீலநிறச் சூட்கேஸ் வாங்கினோம். அதிலும் அப்பா சக்கரத்தை உருட்டி, பூட்டைத் திறந்து மூடி, கடைக்காரரைப் பாடாய்ப் படுத்தித்தான் வாங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இத்தனை பெருக்கல் போட்டுக் கண்டுபிடித்த கார்டைக் கடையிலேயே விட்டுவிட்டு, துணி வைக்கிற பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்களே!

திரும்பும்போது உசிலம்பட்டி தாண்டுவதற்குள் அக்கா தூங்கிவிட்டாள். அப்பா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். திடீரென்று என் பக்கம் குனிந்து, "அந்தக் கார்டு வாங்கியிருந்தா எத்தனை வருசம் ஓடியிருக்கும் பாப்பா?" என்று கேட்டார்.

இந்த வீட்டில் இதற்குப் பதில் தெரிந்த ஆள் நான்தான். "ஒரு நாலு வருசம் ஓடும்ப்பா. அப்புறம் பழசாயிரும்."

"நாலு வருசமாச்சும் வீட்டுல இருந்திருக்கும்" என்றார். தூங்குகிற அக்காவின் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

கை நழுவிப்போன கார்டை நினைத்துத்தான் மனிதர் இப்படி உருகுகிறார் என்று நினைத்தேன். என் ஆத்திரமெல்லாம் இறங்கி, அவர்மேல் இரக்கம் வந்துவிட்டது. "விடுங்கப்பா. அடுத்த வருசம் இதைவிட நல்லது வரும். கோரும் சாஸ்தி, விலையும் கம்மி" என்று தேற்றினேன். அப்பா என் தலையில் கைவைத்து, "சரித்தா" என்றார். அவர் கவலையைத் தீர்த்துவிட்ட திருப்தியில் நான் தூங்கிப்போனேன்.