சாய்ந்த கயிறு

யுத்த காலத்தில் கல்லூரிக் கணக்குப் பாடத்தில் படித்த வெக்டர் புரொஜெக்‌ஷன் எனக்குப் பிடிபடவே இல்லை. விடுமுறையில் ஒருநாள், திண்டிவனம் ஸ்டேஷனில் மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றிய வேகனை ஆட்கள் ஆளுக்கொரு கயிறு கட்டி இழுத்தார்கள். இடமில்லாமல் ஒருவர் மட்டும் தண்டவாளத்தை விட்டு நன்றாக விலகி நடந்தார். அவர் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. மேஸ்திரியோ, "சும்மா நடந்துகினு வர்றான்யா இவன்!" என்று கத்தினார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர் பலத்தில் ஒரு குறையும் இல்லை. கயிறு சாய்ந்திருந்ததால், தண்டவாளத்தின் போக்கில் விழுந்த பங்கு மட்டுமே வண்டியை நகர்த்தியது; மிச்சம் பக்கவாட்டில் வீணாயிற்று. அந்தப் பங்கைத்தான் புத்தகம் புரொஜெக்‌ஷன் என்றிருக்கிறது!

"அவர் கயித்த நீட்டி வுடுங்க" என்றேன். நீட்டியதும் அவர் முன்னே போனார், சாய்வு குறைந்தது. அதே ஆள், அதே மூச்சு. வண்டி சற்றே வேகம் பிடித்தது.

மேஸ்திரி திருப்தியாகத் தலையாட்டினார்: "இப்பத்தான் ஒழுங்கா இழுக்கிறான்."