வோக்ஓவருக்குப் பெயர் கொடுத்தவன்

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் யாரும் எதிர்பாராத முடிவு வந்தால் எல்லோரும் அந்தக் கடைசிக் குத்தைப் பற்றியே கதைப்பார்கள். தொலைக்காட்சியிலும் அதையே நாலு பக்கத்தால் திருப்பித் திருப்பிப் போடுவார்கள். என்னைக் கேட்டால் அந்தக் குத்து வெறும் கையெழுத்து. உறுதிப் பத்திரம் எப்போதோ எழுதி முடிந்துவிட்டது. ஒருவன் விடிய எழும்பி ஓடிய கிழமைகளிலும் மற்றவன் போர்வையை இழுத்து மூடிய கிழமைகளிலும் எழுதிய உறுதி அது. பெரிய உடம்புக்காரனைத் தோற்கடிப்பது அனேகமாக அவனுடைய மூச்சுத்தான்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு எனக்குத் தகுதி இருக்கிறது. நானும் ஒரு ஹெவிவெயிட். வெள்ளவத்தையில் காப்புறுதிக் கந்தோர் ஒன்றில் கதிரை தேய்க்கிற, ஐம்பதை எட்டிப் பார்க்கிற ஹெவிவெயிட். இப்போதே சிரித்து முடித்துவிட வேண்டாம், இன்னும் இருக்கிறது.

என் மனைவியின் தம்பி கொட்டாஞ்சேனையில் ஒரு குத்துச்சண்டைக் கழகத்தின் செயலாளர். பகலில் துறைமுகத்தில் சரக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை. பின்னேரத்தில் மாதா கோயில் மண்டபத்துக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகையில் ஆட்களைக் குத்தப் பழக்குகிற வேலை. கழகத்தின் ஆண்டு விழாவில் நாற்பது தாண்டியவர்களுக்கும் போட்டி உண்டு. மெலிந்த பிரிவுகளுக்கு ஆள் வரும். ஹெவிவெயிட்டுக்கு வராது. அந்த வயதில் அவ்வளவு எடை சேர்த்தவர்களுக்கு அறிவும் கொஞ்சம் சேர்ந்திருக்கும்.

ஆகவே வருடா வருடம் ஒரே ஒருவர்தான் வெல்வார். துறைமுகத்தில் வேலை செய்தவர், நெஞ்சு ஒரு கொள்கலன் அகலம். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணர், அவருக்கு நாங்கள் எல்லோரும் சிங்களத்தில் தம்பி, 'மல்லி'. அவரை எதிர்த்துப் பெயர் கொடுக்கிற ஆள், விழாவன்று காலையில் காய்ச்சல் என்றோ பெரியம்மா மோசம் போய்விட்டா என்றோ சொல்லி அனுப்புவார். எதிராளி வராத காரணத்தால் மத்தியஸ்தர் அண்ணரின் கையைப் பிடித்து உயர்த்துவார். அதுதான் வோக்ஓவர். அண்ணர் கோப்பையை வாங்கி, குடும்பத்தோடு படம் எடுத்து, சாப்பிடப் போவார். இது ஏறக்குறைய ஒரு திருநாள் வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது. குத்து என்ற ஒன்று அதில் எங்குமே கிடையாது.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மச்சினன் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அத்தான், உங்கட எடை என்ன?"

"மரியாதையான குடும்பத்தில அதைக் கேக்கிறதில்லை."

"அண்ணர் மகளிட்ட இத்தாலிக்குப் போயிட்டார். இந்த முறை வரமாட்டார். நீங்க பெயரைக் குடுங்கோ. தராசில ஏறி இறங்கினாச் சரி, கோப்பை உங்களுக்கு. ஒருத்தரும் இல்லையெண்டா கமிட்டி அந்தப் பிரிவையே எடுத்துப்போடும்."

தராசில் ஏறி இறங்குவது மட்டுமே தேவையான ஒரு விளையாட்டு. இதற்காகத்தான் நான் இத்தனை வருடம் சாப்பிட்டு வந்திருக்கிறேன் என்று தோன்றியது. பெயரைக் கொடுத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். மறுநாளே கந்தோர் முழுக்கச் சொல்லிவிட்டேன். வாசல் காவலாளி அன்றிலிருந்து என்னைச் சிங்களத்தில் 'சம்பியன் மஹத்தயா', சம்பியன் ஐயா, என்று கூப்பிடத் தொடங்கினான். நானும் திருத்தவில்லை.

மனைவிதான் பெரிதாக எடுக்கவில்லை. "கார் ஓட்டப் பழகப் போனீங்க, பாதியில நிண்டுது. நீந்தப் போனீங்க, அதுவும் பாதி. சிங்களம் எழுதப் படிக்கப் போனீங்க, மூண்டாவது எழுத்தில நிக்குது. இதை முடிச்சிருவீங்க. தொடங்கவே தேவையில்லாத விளையாட்டு."

விழாவுக்குச் சில கிழமைகள் இருக்கும்போது மச்சினனின் ஃபோன் கோல் வந்தது.

"அத்தான், இருந்துகொண்டா கதைக்கிறீங்க?"

"ஓம், கதிரையில."

"நல்லது. அண்ணர் வந்திட்டார். குளிர் ஒத்துக்கொள்ளேல்லையாம்."

நான் பதறவில்லை. என் முழங்கால்தான் பதறியது. அன்று பின்னேரமே அந்த முழங்காலைத் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் போனேன். அவர் முழங்காலை விட்டுவிட்டு நெஞ்சைப் பார்த்தார், பிரஷர் பார்த்தார், ஈ.சி.ஜி. எடுத்தார். எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, தாராளமாக விளையாடலாம் என்றார். "டொக்டர், இன்னொருக்கா வடிவாப் பாருங்கோ," என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக நல்ல ரிப்போட் ஒன்றைப் பார்த்து வியர்த்தது.

மிச்சம் இருந்தது காய்ச்சல். அதற்கு இப்போதிருந்தே அடித்தளம் போடவேண்டும் என்று குளியலறையில் நின்று இருமிப் பழகினேன். கதவுக்கு வெளியே மனைவியின் குரல் கேட்டது.

"அந்த இருமலை நான் கொட்டாஞ்சேனையில எத்தனை வருசமாக் கேட்டிருக்கிறன். வோக்ஓவர் இருமல்."

வெளியே வந்தேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"என்ர முழுச் சொந்தமும் வந்து பாக்கும். நீங்க வெல்ல வேணாம். விழுந்தாலும் எழும்புங்கோ. மூண்டு ரவுண்டையும் முடிச்சுப்போட்டு வாங்கோ. ஒண்டையாவது முடியுங்கோ."

என் பாதி வேலைகளையெல்லாம் பகிடியாகவே கொண்டுபோகிறவள் இதை மட்டும் பகிடியில்லாமல் சொன்னாள். அண்ணரின் நெஞ்சகலத்தைவிட அதுதான் என்னை உலுக்கியது. மறுநாள் விடிய மச்சினனுக்கு முன்னால் போய் நின்றேன்.

அவன் கையுறையே தரவில்லை. "குத்தப் பழக்க இப்ப நேரமில்லை, அத்தான். இடக்கையால ஒரு குத்து மட்டும் சொல்லித்தாறன். மிச்ச நேரம் முழுக்க மூச்சு விடப் பழகுங்கோ."

"பிறந்ததில இருந்து விடுறன்."

"நீங்க பிடிக்கிறீங்க, விடேல்லை."

அவன் சொன்னது சரி என்று முதல் பயிற்சிச் சண்டையில் தெரிந்தது. அவனே எதிரில் நின்றான். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, நான் கயிற்றில் தொங்கிக்கொண்டு காற்றைத் தேடினேன். "நான் இன்னும் அடிக்கத் தொடங்கேல்லையே," என்றான் அவன். என்னைக் களைக்க வைத்தது முழுக்க என் பயம். பயந்தவன் பல்லைக் கடிக்கிறான், வயிற்றை இறுக்குகிறான், மூச்சை உள்ளே பூட்டிவைக்கிறான். நாள் முழுக்கச் செலவழிக்கவேண்டிய பலத்தை அந்த ஒரு நிமிடத்தில் விழுங்கிவிடுகிறான். முதலில் மூச்சுப் போகும். பிறகு கால். கால் போனால் கை தானாக இறங்கும். கை இறங்கிய இடத்தில்தான் எல்லோரும் கதைக்கிற அந்தக் கடைசிக் குத்து வந்து விழும்.

"பயத்தை இல்லாமச் செய்ய ஏலாது," என்றான் மச்சினன். "மணி அடிக்க முதலே அதை வெளியில ஓடவிடுவம். அது களைச்சு இருந்த பிறகு உங்களை உள்ளுக்கு விடுறன்."

ஆகவே ஓடினேன். விடிய மரைன் டிரைவில், கடலுக்கும் தண்டவாளத்துக்கும் பக்கத்தில். கோட்டைக்குப் போகிற காலை ரயிலின் வாசலில் தொங்குகிறவர்களுக்கு நான் ஒரு காட்சியாகிப் போனேன். "துவன்ன, அய்யே, துவன்ன," என்று ஒருவன் ஒவ்வொரு நாளும் ஓடச் சொல்லித் துரத்துவான். அவனுக்காகவே சில நாள் நிற்காமல் ஓடியிருக்கிறேன். பின்னேரம் எங்கள் ஃபிளாட்டின் படிகள். லிஃப்ட் வேலை செய்துகொண்டிருக்கும்போதே படியேறுகிற மனிதனை அந்தக் கட்டடம் அதுவரை கண்டதில்லை. மேல்மாடியில் இருக்கிற அக்கா ஒருநாள் கதவைத் திறந்து, "வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்று இரகசியமாகக் கேட்டா. காலி வீதியில் இரவுக்குக் கொத்து ரொட்டி கொத்துகிற சத்தம் தொடங்கினால் நான் றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவேன். அந்தச் சத்தத்தோடு அடிபட்டதுதான் என் வாழ்க்கையின் உண்மையான சண்டை.

உடம்பு அவ்வளவாக இறங்கவில்லை. பிரிவு மாறிவிடுமோ என்ற கவலைக்கே இடமில்லை. ஆனால் ஒருநாள் மேல்மாடி வரை ஏறி, அந்த அக்காவோடு நின்று நிதானமாக மழையைப் பற்றிக் கதைக்க முடிந்தது. கதைத்து முடித்துக் கீழே வரும்போதுதான் கவனித்தேன், நான் எங்கேயும் மூச்சு வாங்கவில்லை.

அண்ணரின் பயிற்சி பற்றி மனைவி கொட்டாஞ்சேனையிலிருந்து செய்தி எடுத்துத் தந்தாள். ஒரு கிழமை அவர் ஞானஸ்நான வீட்டில் இருந்தார். அடுத்த கிழமை கலியாண வீட்டில். பிறகு ஒரு பிறந்தநாள். இவற்றில் எதிலும் அவர் நின்றுகொண்டிருந்ததாகத் தகவல் இல்லை, இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சோம்பேறி என்று நான் சொல்லமாட்டேன். ஓடாமலே கோப்பை வருகிறவன் ஏன் ஓடவேண்டும்? கடைசிக் காலையில் எனக்குக் காய்ச்சல் வரும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். அவர் இத்தாலியிலேயே இருப்பார் என்று நானும் முதலில் அதே மாதிரிக் கணக்கைத்தான் போட்டிருந்தேன். வோக்ஓவர், வென்றவனுக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டு, அவனுடைய மூச்சைக் களவாக எடுத்துக்கொண்டு போகும்.

விழாவன்று காலை எடை பார்க்கப் போனேன். அண்ணர் படமெடுப்பதற்கான வெள்ளை நீளக்கைச் சேட்டோடு வந்திருந்தார்.

"என்ன மல்லி, வந்திட்டியா? காய்ச்சல் கீய்ச்சல் ஒண்டும் இல்லியா?"

"முயற்சி செய்தனான், அண்ணை. வரேல்லை."

சிரித்து என் தோளில் தட்டினார். அந்தத் தட்டலுக்கே ஓரடி பின்னால் போனேன். பிறகு மச்சினனைத் தனியே கூப்பிட்டு, "அப்ப உண்மையாவே அடிபடணுமா?" என்று கேட்டது எனக்கும் கேட்டது. வீட்டுக்கு ஆள் அனுப்பிப் பழைய காற்சட்டையை எடுப்பித்தார். அதன் நாடா இடுப்பைச் சுற்றி வர மறுத்தது. கைக்குச் சுற்றுகிற துணியைக் கிழித்துக் கட்டிக்கொண்டார். மத்தியானம் வழக்கம் தவறாமல் புரியாணி சாப்பிட்டார்.

பின்னேரம் எங்கள் முறை வருவதற்கு முன், மண்டபத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மச்சினன் என்னிடம் துள்ளிக் குதிக்கிற கயிற்றைத் தந்தான். பயம் ஒரு குறையும் வைக்காமல் வந்தது. பல்லைக் கடித்தேன். இடது எது வலது எது என்று மறந்துபோனது. வெள்ளவத்தைப் பிள்ளையாருக்குத் தேங்காயும் இந்த மாதாவுக்கு மெழுகுதிரியும் ஒரே மூச்சில் நேர்ந்தேன்.

"தம்பி, நான் செத்தால் கந்தோரில ஆருக்கு அறிவிக்கோணும் தெரியுமே?"

"கயிற்றைச் சுத்துங்கோ அத்தான்."

சுற்றினேன். சேட் நனைந்து முதுகோடு ஒட்டும் வரை சுற்றினேன். எங்கோ நடுவில் பல் தானாக விட்டுக்கொடுத்தது. வயிறு இளகியது. பயம் போகவில்லை. ஓடிக் களைத்த ஆளைப் போல ஒரு மூலையில் குந்திக்கொண்டது.

மணி அடித்தது. அண்ணரின் முதல் குத்தை என் முகத்தால் தடுத்தேன். மண்டபத்து மின்விளக்குகள் இடம் மாறின. என் மனைவியின் முழுச் சொந்தமும் ஒன்றாக "ஐயோ" என்றது. மத்தியஸ்தர் என்னை நிறுத்தி எண்ணினார், நான் தலையாட்டினேன். அதன் பிறகு அந்த ரவுண்ட் முழுக்க ஓடினேன். மூலையிலிருந்து மச்சினன், "மேல்மாடி அத்தான், மேல்மாடி," என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த ரவுண்ட் அவருடையது, அதில் வாதமில்லை.

மூலைக்கு வந்து இருந்தேன். "தம்பி, அங்க பார்," என்றேன்.

"கதைக்காதீங்கோ."

"கதைக்க ஏலுது. அதைத்தான் சொல்லுறன்."

எதிர் மூலையில் அண்ணரின் தோள் இரண்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. வாய் திறந்தபடி இருந்தது. கயிறு சுற்றிச் சூடாக்காத உடம்போடும் புரியாணியோடும் நேரே வந்து, இருந்த பலம் முழுவதையும் என் முகத்தில் இறக்கியிருந்தார்.

இரண்டாவது ரவுண்டில் அவருடைய குத்துகள் வரத்தான் செய்தன. ஆனால் ஒவ்வொன்றும் மேலதிகாரியின் ஒப்புதல் கிடைத்த பிறகு வருவது போல் வந்தன. கந்தோர்க்காரனான எனக்கு அந்த வேகம் நல்ல பழக்கம். விலகினேன். தெரிந்த ஒரே குத்தை இடக்கையால் கொடுத்தேன். திரும்பவும் அதையே கொடுத்தேன். பலமான குத்தில்லை, மூச்சை விட்டு விட்டுக் கொடுத்த குத்து. ஒரு கட்டத்தில் அவர் என்மேல் முழுதாகச் சாய்ந்துகொண்டார்.

"மல்லி, கொஞ்சம் நில்லேன்," என்றார் காதுக்குள்.

"மத்தியஸ்தர் பாக்கிறார், அண்ணை."

மணி அடித்ததும் போய் ஸ்டூலில் இருந்தார். மூன்றாவது ரவுண்டுக்கு எழும்பவில்லை. கையுறையை மட்டும் உயர்த்தி, போதும் என்று ஆட்டினார்.

மத்தியஸ்தர் என் கையைப் பிடித்து உயர்த்தினார். கொட்டாஞ்சேனை முழுக்கக் கத்தியது. சனம் மண்டபத்தை விட்டு வெளியே வருவதற்குள் என் இடக்கை இடியாக மாறிவிட்டதாகப் பின்னர் கேள்விப்பட்டேன். ஃபிளாட்டின் படிகளைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

மனைவி கயிற்றுக்குக் கிட்ட வந்தாள். இந்த முறை சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இதுவும் பாதியிலதான்."

யோசித்துப் பார்த்தேன். சரிதான். இரண்டு ரவுண்ட். அவள் கேட்டது மூன்று.

"தம்பி, மணியை அடி."

"அத்தான், வெண்டாச்சு. முடிஞ்சுது."

"அதை உன்ர அக்காவுக்குச் சொல்லு."

அவன் அக்காவைப் பார்த்தான். மணியை அடித்தான். நான் நடு ரிங்குக்குப் போய்க் கையுறைகளை முகத்துக்கு நேரே பிடித்தேன். எதிரில் ஒருவரும் இல்லை. விலகினேன், இடக்கையைக் கொடுத்தேன், சுற்றி வந்தேன். மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு சிரிப்புக்குள் கைதட்டல் கலந்தது. பாதியில் எனக்குக் கை கொஞ்சம் இறங்கிவிட்டது போலும்.

"இடக்கையை இறக்காத, மல்லி," என்றார் ஸ்டூலிலிருந்து அண்ணர். அதைச் சொல்லுமளவுக்கு அவருக்கு மூச்சுத் திரும்பியிருந்தது.

உயர்த்தினேன். மணி அடிக்கும் வரை இறக்கவில்லை.