அணையத் தெரிந்த லைட்டர்

அப்பாவின் வலது கைக்குச் சூடு தெரியவில்லை என்பதை நாங்கள் கண்டுபிடித்தது ஒரு வேட்டியால். முழங்காலுக்கு மேலே சுண்டைக்காய் அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் கருகியிருந்தது. துவைக்க எடுத்த அம்மா என்னைக் கூப்பிட்டு விரித்துக் காட்டினாள். அப்பாவிடம் கேட்டால், அப்படியா, எப்போது, என்று எங்களையே திருப்பிக் கேட்டார். அவர் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் நுனியில் கொப்புளம் உடைந்து தோல் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் அவருக்குத் தெரியாது.

அந்த வருஷம் மழைக்கு முன்னால்தான் அவருக்கு லேசாகப் பக்கவாதம் வந்திருந்தது. கால் திரும்பிவிட்டது, பேச்சு திரும்பிவிட்டது, கையும் அசைந்தது. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. இருபத்தைந்து வருஷம் துறைமுகக் கோதியில் கப்பல் ரிப்பேர் செய்த ஃபிட்டர். இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவரிடம் மிஞ்சியது புகை பிடிக்கும் பைப் ஒன்றுதான். ஏதோ ஒரு கப்பலின் வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. தாராவியில் எங்கள் சந்தில் பீடி பிடிக்காத ஆண்கள் குறைவு, பைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான். அதில் அவருக்குக் கொஞ்சம் கெத்தும் உண்டு.

சிகரெட் என்றால் ஒரு தொடல், பற்றிக்கொள்ளும். பைப் அப்படியில்லை. நெருப்பைக் கிண்ணத்தின் மேலே சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொண்டே உறிஞ்சவேண்டும். பத்து நிமிஷத்தில் அணைந்துவிடும், மறுபடி பற்றவைக்கவேண்டும். தீக்குச்சி அதற்குள் விரல்வரைக்கும் எரிந்து வந்துவிடும். சுட்டால் கையை உதறுவோம். சுடாதவர் எதற்கு உதறுவார்?

எங்கள் வீடு மாடியில், மரப்பலகைத் தரை. கீழே தோல் பை தைக்கும் கார்கானா. ஒட்டுவதற்கு வைத்திருக்கும், பெட்ரோல் மாதிரிப் பற்றும் சொல்யூஷன் டப்பாக்களின் வாடை பலகை இடுக்கு வழியாக மேலே வரும். அந்த வாடையிலேயேதான் சாப்பிட்டோம், தூங்கினோம். நானோ ஃபோர்ட்டில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில், தீ விபத்துப் பிரிவில் டைப்பிஸ்ட். எந்தக் கிடங்கு எப்படிப் பற்றியது, எங்கே ஆரம்பித்தது, எவ்வளவு நேரத்தில் முடிந்தது என்று நாள் முழுக்க டைப் அடித்துவிட்டு இந்த வீட்டுக்கு வந்து படுப்பவன். எனக்குச் சும்மாவே நடக்காததையெல்லாம் நினைத்துப் பயந்து சாகும் புத்தி. வேட்டி ஓட்டையைப் பார்த்த பிறகு கேட்கவேண்டுமா?

பைப்பைத் தூக்கி எறி என்று அம்மா ஒரே போடாகப் போட்டாள். அப்பா சண்டை போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. வெறும் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு மாசம் பொறு, பத்திரமான லைட்டர் ஒன்று தேடிக் கொண்டுவருகிறேன், கிடைக்காவிட்டால் நானே பைப்பை மாகிம் கழிமுகத்தில் வீசிவிடுகிறேன் என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்தேன். அதுவரை வீட்டில் தீப்பெட்டி எங்கும் கிடக்கக்கூடாது என்று ஏற்பாடு. அடுப்புப் பற்றவைக்கும் பெட்டியை அம்மா இடுப்பிலேயே செருகிக்கொண்டாள்.

வாக்குக் கொடுத்துவிட்டேனே தவிர, லைட்டரைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோர்ட் நடைபாதையெல்லாம் சுற்றினேன். முதலில் வாங்கியது, மூடியைத் தட்டித் திறந்து சக்கரத்தை உருட்டும் ரகம். காற்றடித்தாலும் அணையாது என்று கடைக்காரன் ஊதிக் காட்டினான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆபீஸ் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய்ப் பற்றவைத்து, வேண்டுமென்றே கைநழுவ விட்டேன். கீழே கிடந்து நிம்மதியாக எரிந்துகொண்டிருந்தது. மூடியை மூடும்வரை அது அணையாதாம். எங்கள் பலகைத் தரையை நினைத்துப் பார்த்தேன். அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்தது கேஸ் லைட்டர். பார்க்கப் பகட்டு. ஆனால் பைப்புக்காகச் சாய்த்தால் நெருப்பு சீறிக்கொண்டு நேரே கட்டைவிரல் பக்கம் திரும்பியது. என் விரல் சுட்டது, உதறினேன். அப்பாவால் முடியாது என்று அதையும் விட்டேன். இதற்குள் ஆபீசில் நான் சிகரெட் பழகிவிட்டேன் என்று பேச்சு. அம்மாவும் என் சட்டைப் பையை மோந்துபார்த்துவிட்டு ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஒருவனுக்கு இரண்டு பக்கமும் இடி.

மாசம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் நம்மூர் பாய் ஒருவரைக் கண்டுபிடித்தேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். படிக்கட்டுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி, அதுதான் கடை. லைட்டர் விற்பார், பொறி தட்டும் கல் மாற்றுவார், திரி மாற்றுவார். அவரிடம் வீட்டுக் கதை முழுவதையும் சொன்னேன். ஒரு லைட்டருக்குத் திரி மாற்றிக்கொண்டே கேட்டார். பிறகு, "எல்லாரும் நல்லா பத்துமான்னு கேப்பாவ. நல்லா அணையுமான்னு கேட்ட மொத ஆளு நீருதான், தம்பி" என்றார்.

பெட்டியின் அடியிலிருந்து ஒன்றை எடுத்தார். கனமான, பழைய பித்தளை லைட்டர். பக்கத்தில் ஒரு நெம்புகோல். அழுத்தினால் தொப்பி எழும்பும், சக்கரம் தானே சுற்றும், திரி பற்றும். கட்டைவிரலை எடுத்த கணம் தொப்பி விழுந்து நெருப்பை மூடிவிடும். அழுத்துகிறவரைக்கும்தான் எரியும். கை சோர்ந்தால் அணையும். உள்ளே இருக்கும் பஞ்சு நனைகிற அளவுக்கு மட்டும் பெட்ரோல் விடு, கூடினால் சாய்க்கும்போது கையில் வழியும், கையே பற்றும் என்று பாய் இரண்டு தடவை சொன்னார். மூன்றாவது தடவையும் நானே கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

நாலு நாள் அதைச் சோதித்தேன். ஃபேனுக்குக் கீழே, சயான் ரயிலின் கதவோரம், நூறு தடவை அழுத்தி நூறு தடவை விட்டேன். ஒரு தடவைகூட ஏமாற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா கையில் கொடுத்தேன். அவர் அழுத்தினார், சாய்த்தார், உறிஞ்சினார், விட்டார். டப் என்று அணைந்தது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கை ஆராய்ந்தார். பழைய ஃபிட்டர் இல்லையா? "நல்ல வேலப்பாடுல" என்றார். அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் உள்ளே போனாள். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

இரண்டு மாசம் நிம்மதி. பெட்ரோல் ஊற்றுவது, கல் மாற்றுவது, திரி கத்தரிப்பது எல்லாம் நான். பிறகு ஆயுத பூஜை வந்தது.

தாராவியில் அன்றைக்கு ஒரு மிஷின் ஓடாது. கீழே கார்கானாவில் தையல் மிஷின்களைக் கழுவிப் பொட்டு வைத்து, பூட்டிவிட்டு, எல்லோரும் புதுச்சட்டையில் திரிந்தார்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் ஸ்பேனர்கள், அரம், சுத்தியல், அம்மாவின் அரிவாள்மனை, என் பேனா. எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தேன். நடுநாயகமாக லைட்டர். அதற்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவும் சூட்டினேன். அந்த மாசங்களில் என்னைக் காப்பாற்றியது அதுதான் என்று எனக்கு அவ்வளவு நன்றி. சூடம் கொளுத்த அம்மாவிடமிருந்து தீப்பெட்டியை வாங்கி, கொளுத்திவிட்டு, விளக்குப் பக்கத்திலேயே வைத்தேன். பாயசம் சாப்பிட்டேன். படுத்தேன். அந்த வருஷத்தில் நான் துளிகூடப் பயப்படாமல் இருந்த பகல் அது ஒன்றுதான்.

பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை வரைக்கும் யாரும் தொடக்கூடாது. எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சாப்பிட்டதும் அப்பா பைப் பிடிப்பார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்தப் பாழாய்ப்போன மூளைக்குத் தோன்றவில்லை.

புகையிலை வாடையில் நான் எழுந்திருக்கமாட்டேன், பழகிய வாடை. இது வேறு. முடி பொசுங்கும் வாடை. எழுந்து பார்த்தால் அப்பா ஜன்னலோரம் சாவகாசமாகப் பைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். விளக்கடியில் இருந்த தீப்பெட்டி அவர் மடியில். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெளுத்துப் பொங்கியிருந்தன. கரிந்த குச்சி ஒன்று தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே பார்த்தேன், பலகை இடுக்கில் பாதி எரிந்த இன்னொரு குச்சி. குப்புறப் படுத்து இடுக்கில் கண்ணை வைத்தேன். கார்கானா இருட்டாகத்தான் இருந்தது. மோந்து பார்த்தேன். சந்தன வாடை, சொல்யூஷன் வாடை. புகை இல்லை. அப்படியே தரையில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். 

அவர் கையைத் தண்ணீரில் முக்கி வைத்துக்கொண்டு, அழுகையும் கோபமுமாகக் கேட்டேன். பக்கத்திலேயே லைட்டர் இருந்ததே, அதை எடுக்கக்கூடாதா, நீங்கள் என்ன பெரிய பக்திமானா, கோயில் வாசலை மிதித்து எத்தனை வருஷம் ஆயிற்று?

"சாமிக்காவா எடுக்கல? நீ பூ வச்சு வச்சிருக்க. நீ வச்சத நான் எப்படில எடுப்பேன்?" என்றார்.

 பக்கத்து வீடுகளுக்குச் சுண்டல் கொடுக்கப் போயிருந்த அம்மா திரும்பிவந்து, கையைப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டாள். அப்பாவே பைப்பை என் பக்கம் நீட்டினார். எடுத்துப்போய் எறி என்றார். நான் வாங்கவில்லை. இனிமேல் நான்தான் பற்றவைப்பேன், ஆபீஸ் போகும் முன் ஒரு தடவை, வந்த பிறகு ஒரு தடவை, லைட்டர் என் பையிலேயே இருக்கும் என்று சொன்னேன். அம்மா தீப்பெட்டியை எடுத்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அதன்பின் என் கவலை இடம் மாறியது. சாயங்காலம் ஐந்தரை ஆனால் கால் தரிக்காது. வி.டி.யில் ரயில் ஐந்து நிமிஷம் நின்றாலும், புகையிலையை அடைத்து வைத்துக்கொண்டு அப்பா காத்திருப்பார் என்று மனசு அடித்துக்கொள்ளும். பொறுக்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விடுவாரோ, அம்மா குழாயடியில் இருப்பாளோ, தீப்பெட்டி எங்கே இருக்குமோ என்று ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஒரு தீ விபத்து நடக்கும். தினமும் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் மூச்சு வரும்.

அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் தண்டவாளமெல்லாம் தண்ணீர். பரேலில் ரயில் நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். தாதர், மாட்டுங்கா, சயான், இடுப்பளவு தண்ணீரில். வழியெல்லாம் எங்கள் சந்துப் பக்கம் புகை தெரிகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டு வந்தேன். கொட்டுகிற மழையில் எந்த நெருப்பு எரியும்? அதெல்லாம் யோசித்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன்?

வீடு அப்படியே இருந்தது. அப்பா ஜன்னலோரம், அடைத்த பைப்போடு. அம்மா விளக்கேற்றிவிட்டு மறந்த தீப்பெட்டி அவருக்குக் கையெட்டும் தூரத்தில் கிடந்தது, தொடவில்லை. நான் சொட்டச் சொட்ட நின்றுகொண்டே லைட்டரை எடுத்து அழுத்தினேன். பொறி வரவில்லை. உள்ளே தண்ணீர் போயிருந்தது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஒரு தடவைகூட ஏமாற்றாத சனியன், அன்றைக்கு ஏமாற்றியது. அவரை இவ்வளவு நேரம் காக்கவைத்துவிட்டேனே என்று திரியை ஊதி ஊதிப் பார்த்தேன்.

அப்பா என் கையிலிருந்து லைட்டரை வாங்கி ஓரமாக வைத்தார். பைப்பையும் வைத்தார்.

"அது கெடக்கட்டும்ல. மணிக்கணக்கா ரோட்டையே பாத்துட்டு இருக்கேன். நீ வந்துட்டல்லா" என்றார்.

துண்டை எடுத்து என் தலையைத் துவட்டத் தொடங்கினார். எவ்வளவு அழுத்துகிறார் என்று அந்தக் கைக்குத் தெரியவில்லை. கழுத்து விண்ணென்று வலித்தது. வலிக்கிறது என்று சொல்லாமல், அவர் போதும் என்று விடும்வரை, தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.