அக்கா ஏறாத மோட்டர்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு சூலியா தெருவில் ஒரு தே தாரிக் குடித்துவிட்டுக் கிளம்புவதாகத் திட்டம். கிளம்பியது ஏழரைக்கு. தாமதத்துக்குக் காரணம் நான் அல்ல, என் இருசக்கர மோட்டர். அதை எங்கே நிறுத்தினாலும் யாராவது ஒருவர் வந்து நின்று விசாரணையைத் தொடங்கிவிடுவார். அன்றைக்கு வந்தவர் பக்கத்து மேசையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்த கைலி கட்டிய பெரியவர்.

"தங்கச்சி, இது எந்த வருசத்து மோட்டரு?"

"வாங்கி நாலு வருசந்தாண்ணே ஆவுது."

"சும்மா சொல்லாதீங்கலா. எங்க அத்தா காலத்து மோட்டர் மாதிரில்ல இருக்கு."

"அப்படி இருக்கணும்னுதான் இத்தாலிக்காரன் செஞ்சிருக்கான்."

"பழசு மாதிரியே புதுசா? அதுக்குப் பழசையே வாங்கிட்டுப் போயிருக்கலாமே!"

சரியான கேள்வி. நான்கு வருடமாகப் பதில் தேடுகிறேன். தேநீருக்கு இரண்டு வெள்ளி இருபது காசு கொடுத்துவிட்டு, தலைக்கவசங்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன். ஒன்றை மாட்டிக்கொண்டேன். மற்றதை இருக்கையின் பக்கவாட்டில் தொங்கவிட்டேன். அது என் அக்காவுக்கு.

வட்ட முகவிளக்கு, கம்பி வைத்த சக்கரங்கள், பலாக்கொட்டை வடிவில் எண்ணெய்த் தொட்டி. பார்த்தால் ஐம்பதைத் தாண்டிய என் வயதைச் சொல்லும். இஞ்சினின் இரண்டு உருளைகளும் ஆளுக்கொரு பக்கமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கல்யாணப் பந்தியில் முழங்கையால் இடித்து இடம் பிடிக்கிற அத்தையைப் போல. நெரிசலில் நின்றால் முட்டி இரண்டும் வெந்துவிடும். இதில்தான் நான் தினமும் அலுவலகம் போகிறேன், பாசாருக்குப் போகிறேன், மழையில் நனைகிறேன். ஜார்ஜ் டவுனில் சுவரோவியம் இருக்கிற தெருவில் நிறுத்தினால் சுற்றுப்பயணிகள் இதையும் ஓவியத்தோடு சேர்த்துக்கொண்டு படம் பிடிக்கிறார்கள். ஒரு நாள் சாயங்காலம் அலுவலகம் விட்டு வந்தால் கல்யாண உடையில் ஒரு சீன ஜோடி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது! மாப்பிள்ளை என்னைப் பார்த்து, கொஞ்சம் தள்ளி நிற்கும்படி கை காட்டினார்.

இன்னொரு குணமும் உண்டு. நின்ற இடத்தில் கைப்பிடியை முறுக்கினால் வண்டி மொத்தமும் வலப்பக்கமாக ஒரு குலுக்குக் குலுக்கிச் சாயும். பழுது இல்லை, இஞ்சினின் வாகு அப்படி. வாங்கப் போன அன்று கடையில் முறுக்கிப் பார்த்தபோது அந்தச் சாய்வுக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஏன் சிரித்தேன் என்று தெரியவில்லை. அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்தச் சாய்வால்தான் என் மோட்டர் அக்காவை இழந்தது.

அக்கா தவமணி என்னைவிட ஐந்து வயது மூத்தவள். அவள் கணவர், எங்கள் மாமா, காலமானபிறகு கடலுக்கு அந்தப் பக்கம் சுங்கை பாக்காப்பில் தனியாக இருக்கிறாள். ஓய்வுபெறும்வரை மருத்துவமனையில் அவசரப் பிரிவுத் தாதி. வரும் செவ்வாய்க்கிழமை விமானம் ஏறி, பெர்த்தில் இருக்கும் மகனிடம் போகிறாள். சும்மா பார்த்துவிட்டு வர அல்ல, அங்கேயே இருந்துவிட. நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் என் மோட்டரில் ஏறியதில்லை. போவதற்கு முன் அவளைப் பின்னால் உட்கார வைத்து, ஒரே ஒரு தடவை ஃபெரியில் கடல் தாண்ட வேண்டும். அன்றைய பயணம் அதற்குத்தான்.

அவள் ஏறாததற்குக் காரணம் எலுமிச்சம்பழம்.

எங்கள் ஆட்களில் வண்டி வாங்கினால் முதலில் கோயிலுக்குத்தான் போகும். சந்தனம், குங்குமம், கைப்பிடியில் மல்லிகைச் சரம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை. கார் என்றால் பழம் நசுங்கும், கதை முடிந்தது. இது இரண்டு சக்கரம், இருநூறு கிலோவுக்கு மேல் எடை. அப்போதுதான் கழுவிவிட்ட கோயில் வாசல் தரை. போதாததற்கு உடைத்த தேங்காயின் தண்ணீர். "மெதுவா முன்னால வாங்கம்மா" என்றார் குருக்கள். பதற்றத்தில் நான் முறுக்கினேன். வண்டி வழக்கம்போல வலப்பக்கம் சாய்ந்தது, முன்சக்கரம் பழச்சாற்றில் வழுக்கியது, மல்லிகையும் குங்குமமுமாக அப்படியே படுத்துவிட்டது. குருக்கள் கற்பூரத் தட்டோடு ஒரு தாவுத் தாவினார், அந்த வயதில் அது பெரிய தாவல். நீட்டிக்கொண்டிருந்த அந்த உருளை தரையில் முட்டுக் கொடுத்ததால் என் கால் தப்பியது. உருளையின் மூடியில் மட்டும் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

பூத்தட்டோடு நின்ற அக்கா ஒன்றுதான் கேட்டாள். "கண்ணு படக் கூடாதுன்னு பழம் வெச்சா, அந்தப் பழமே ஆளத் தள்ளுதுன்னா, என்ன மோட்டர்டி இது?" அதோடு திரும்பி நடந்துவிட்டாள்.

காலை எட்டு மணி. ஃபெரி.

தீவிலிருந்து போகக் கட்டணம் இல்லை. எதிர்க்கரையில், பட்டர்வொர்த்திலிருந்து வரும்போதுதான் வாங்குவார்கள். இப்போதைய ஃபெரியில் கார் ஏறாது. மோட்டர், சைக்கிள், ஆட்கள், அவ்வளவுதான். கடலைத் தாண்டக் கால் மணி நேரம்கூட ஆகாது. எனக்கு அந்தப் பழைய பெரிய ஃபெரியின் நினைவுதான் வருகிறது. லாரியும் காரும் மூச்சுவிட இடமில்லாமல் ஏறும், டீசல் புகையும் உப்புக் காற்றும் சேர்ந்து அடிக்கும். அப்போது எங்கள் வீடு பட்டர்வொர்த்தில். அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. சனிக்கிழமை மத்தியானம் வேலை முடிந்தால் எங்கள் இருவரையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு தீவுக்கு வருவார். அதுவும் இத்தாலி ஸ்கூட்டர்தான். நான் முன்னால், அப்பாவின் இரண்டு கைகளுக்கு நடுவில் நிற்பேன். அக்கா பின்னால். கப்பல்களுக்கெல்லாம் நான் கையசைப்பேன். யாராவது பதிலுக்கு அசைத்துவிட்டால் அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்காது, அவ்வளவு சந்தோஷம். அப்பா, அந்தச் சனிக்கிழமைகளுக்கு ஈடாக இனி எதைக் கொடுத்தாலும் வேண்டாம்.

எட்டே முக்காலுக்கு, போகிற வழியில் ஜுரு. கார் கடைகளுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் குணா என்று ஒருவர்தான் இந்த மோட்டருக்கு வைத்தியம் பார்க்கிறார். பின்னால் உட்காருபவர் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடிக் கம்பி சொல்லி வைத்திருந்தேன். சொல்லி மூன்று மாதம்.

"இத்தாலிலேருந்து நீந்தி வந்துச்சாக்கா" என்று சிரித்துக்கொண்டே அதை மாட்டினார் குணா. "யாருக்கு இந்தக் கம்பி? வீட்டுக்காரருக்கா?"

"அவருக்கெதுக்கு? அவரு ஏர்கான் காடிய விட்டு எறங்க மாட்டாரு. எங்க அக்காவுக்கு."

"ஏறுவாங்களாக்கா?"

"பார்ப்போம்லா."

பட்டர்வொர்த்திலிருந்து சுங்கை பாக்காப் சுமார் முப்பது கிலோமீட்டர். சிம்பாங் அம்பாட்டைத் தாண்டியதும் தொழிற்சாலைகள் குறைந்து செம்பனைத் தோட்டம் வருகிறது. இந்த மோட்டர் வேகத்துக்குச் செய்ததல்ல. எண்பதில் விட்டால் தனக்குத்தானே ஏதோ முனகிக்கொண்டு சமர்த்தாக ஓடும். பத்து மணிக்கு அக்கா வீட்டுக் கேட்டில் நிறுத்தினேன்.

"பசியாறிட்டியா?" என்றாள் அக்கா. கண் என் முகத்தில் இல்லை, உருளையின் கீறலில் இருந்தது. உள்ளே இரண்டு பெட்டிகள், கட்டி முடித்து வாசலைப் பார்த்து நின்றன. சுவரில் படங்கள் இருந்த இடமெல்லாம் வெள்ளைச் சதுரங்கள். அக்கா தட்டில் தோசை வைத்தாள். தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு சமாளித்தேன்.

"ஃபெரியில போகலாம் அக்கா. போறதுக்கு முன்னால ஒரு தடவ."

"காடி ஏறாதாமே இப்ப?"

"மோட்டர் ஏறும்."

நடந்து போகிறவர்களும் ஏறலாம்தான். அதை நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"எத்தன மோட்டர் கேஸ நான் பார்த்திருக்கேன் தெரியுமா? கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் அள்ளிக்கிட்டு வருவாங்க. இந்த வயசுல எனக்கு இது தேவையா? அதுவும் இது, சாமி சன்னதியிலேயே குப்புற விழுந்த மோட்டர்."

"அது பழம் வழுக்குனது அக்கா."

"எல்லாரும் அப்படித்தான்டி சொல்லிக்கிட்டு வருவாங்க, ஸ்ட்ரெச்சர்ல."

நான் கோபக்காரி. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "சரி, நீ பிளேன் ஏறு. நான் வர்றேன்" என்று வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது தலைக்கவசம் ஒரு பக்கம் தொங்கியது. அதைப் பார்த்தபோது இன்னும் ஆத்திரம் வந்தது. இஞ்சினைக் கிளப்பி, தேவையே இல்லாமல் ஒரு முறுக்கு முறுக்கினேன். வண்டி வலப்பக்கம் சாய்ந்து குலுங்கியது.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்கா, "ஏய், ஏன் அது அப்படிச் சாயுது?" என்றாள்.

"அது அப்படித்தான். அதனாலதான் அன்னிக்கு விழுந்துச்சு."

"இன்னொரு வாட்டி முறுக்கு."

முறுக்கினேன். சாய்ந்தது. அக்கா உள்ளே போனாள். கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது மோட்டரில் உட்கார வசதியாகச் சிலுவார் போட்டிருந்தாள், காலில் சப்பாத்து, கையில் ஒரு எலுமிச்சம்பழம். சக்கரத்தைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள், பிறகு அதை என் சட்டைப் பையில் போட்டாள்.

"அடியில வேணாம். பையிலயே இருக்கட்டும்" என்றபடி என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். தொங்கிய தலைக்கவசத்தை எடுத்து அவளுக்கு மாட்டிவிட்டுக் கிளம்பினேன்.

கொஞ்ச தூரம் போனதும் ஒன்றைக் கவனித்தேன். நான் நிற்குமிடமெல்லாம் அவள் உடம்பு இடப்பக்கம் நகர்ந்தது. சிவப்பு விளக்கில் நின்றால் நகரும், கிளம்பினால் நேராகும். பயத்தில் செய்கிறாள் என்று நினைத்து, "அக்கா, ஆடாம நேரா உக்காரு" என்றேன். "நீ ரோட்டப் பார்த்து ஓட்டு" என்று பின்னாலிருந்து பதில் வந்தது. குணா மாட்டிய புதுக் கம்பியை அவள் தொடவே இல்லை. என் இடுப்புச் சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்திருந்தாள்.

ஒரு மணி ஃபெரி. கடல் காற்று முகத்தில் அடித்ததும் அக்கா தலைக்கவசத்தைக் கழற்றினாள். நரைமுடி நாலாபக்கமும் பறந்தது. மோட்டர்களுக்கு நடுவே நின்று தீவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நடந்தும் ஏறலாம்னு எனக்குத் தெரியாதாடி?" என்றாள் திடீரென்று.

எனக்குச் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்து வந்தன. "அப்புறம் ஏன் ஏறுன?"

"அது சாய்ஞ்சுச்சே. அப்பா ஸ்கூட்டர் மாதிரியே."

எனக்கு விளங்கவில்லை. அக்கா சொன்னாள். "அப்பா ஸ்கூட்டர்ல இஞ்சின் வலப்பக்கம். எப்பவும் அந்தப் பக்கமாத்தான் இழுக்கும். நிக்கிறப்பல்லாம் அப்பா சொல்லுவாரு, 'அம்மாடி, இடப்பக்கம் சாய்ஞ்சுக்கோ, அப்பாவுக்குக் கை வலிக்குது'ன்னு. நான் சாய்ஞ்சு உக்காருவேன். உனக்கு எங்க தெரியப் போவுது? நீ முன்னால நின்னு கப்பலுக்கு டாட்டா காட்டிக்கிட்டிருந்த. நான் பின்னால எடை போட்டுக்கிட்டிருந்தேன்."

குறையாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது. ஐம்பது வருடத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. ஒரு பெரிய கப்பல் எதிரே போனது. அக்கா கையைத் தூக்கி அதற்கு ஆட்டினாள். அந்தப் பக்கம் யாரும் பதிலுக்கு ஆட்டவில்லை. அவள் பாட்டுக்கு ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மத்தியானம் சூலியா தெருவில் நாசி கண்டார் சோறு. மீன் முட்டை வேண்டும் என்று இரண்டு தடவை கேட்டு வாங்கினாள், "பெர்த்துல இது கெடைக்காதுடி" என்று. பிறகு கடலோரமாக ஒரு சுற்று. சுற்றுப்பயணி ஒருவர் எங்களை மோட்டரோடு படம் பிடிக்கக் கேட்டபோது, அக்கா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, கீறல் படத்தில் விழாதபடி அதன் முன்னால் போய் நின்றாள். ஐந்து மணி மழைக்கு ஒதுங்கி, விட்டதும் அதே ஃபெரியில் அவளைக் கொண்டுபோய் வீட்டில் விட்டேன். கேட்டருகே இறங்கி என் கன்னத்தைத் தட்டி, "மெதுவா போ" என்றாள். செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் அழுது தீர்க்கலாம் என்று இரண்டு பேருமே அன்றைக்கு அழுகையைத் தள்ளி வைத்தோம்.

திரும்பி வரும்போது பட்டர்வொர்த்தில் ஃபெரிக்காக மோட்டர் வரிசையில் நின்றேன். இடுப்பில் சட்டை இரண்டு பக்கமும் கசங்கியிருந்தது. பையில் பழம் இருந்தது. முன்னால் இருந்தவர்கள் நகர, நானும் லேசாக முறுக்கினேன்.

வண்டி வலப்பக்கம் இழுத்தது. நான்கு வருடமாக இழுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஆளில்லை. நானே கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன்.