குறிப்புக் கட்டத்தில் ஓடிய பேருந்து

ஜப்பானின் வடக்கே இவாதே மலைநாட்டில், நுமாசாவா என்ற சிற்றூரில், ஹதகெயாமா ஷூசோ முப்பத்தாறு வருஷம் பேருந்து ஓட்டினார். ரயில் நிலையத்தில் புறப்பட்டு, ஆற்றை நான்கு தடவை கடந்து, கணவாய்க்குக் கீழே இருக்கும் வெந்நீர் ஊற்று வரை போய்த் திரும்பும் வண்டி. நாளைக்கு மூன்று நடை. அத்தனை வருஷத்தில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று ஊரில் அவருக்குப் பெயர். வாய் திறக்காதவர் என்ற பெயரும் கூடவே உண்டு. ஒலிபெருக்கியில் நிறுத்தங்களின் பெயரைச் சொல்வதற்காக மட்டுமே சாமி அவருக்குக் குரல் கொடுத்திருக்கிறது என்று அவர் மனைவி மினேயே அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அவருக்கு எழுபது முடிந்த அந்த நவம்பரில், செந்தாய் நகரத்தில் வேலை பார்க்கும் மகள் கனாயே தபாலில் ஒரு சின்னப் பெட்டி அனுப்பினாள். கடிகாரம் மாதிரி மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற இரத்த அழுத்தக் கருவி. கூடவே கட்டம் போட்ட நோட்டு ஒன்று. தேதி, காலை, மாலை, நாடி, கடைசியில் அகலமாகக் குறிப்பு என்று ஒரு கட்டம்.

முதல் நாள் ஷூசோ மெத்தை போர்த்திய கணப்பு மேசைக்குள் காலை நீட்டிக்கொண்டு, கருவி கட்டிய கையை மடியில் போட்டுக்கொண்டு, டீவியில் சூமோ மல்யுத்தம் பார்த்தபடியே பொத்தானை அமுக்கினார். கருவி உறுமிக்கொண்டே மணிக்கட்டை இறுக்கியது. பிறகு பெருமூச்சு விட்டுத் தளர்ந்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்று.

மினே கையில் இருந்த முள்ளங்கியைக் கீழே போட்டாள்.

"ஏங்க, தல சுத்துதா?"

"இல்ல."

"நெஞ்சு கிஞ்சு அடைக்குதா?"

"இல்ல. நம்ம ஊர்க்காரன் தோத்துட்டான்."

மறுநாள் காலை அவரை டாக்டர் ஒனோதெராவிடம் இழுத்துக்கொண்டு போனாள். ஐம்பது வயதுப் பெண் டாக்டர். ஆரவாரம் இல்லாதவர். அங்கே அளந்தால் நூற்று இருபத்தெட்டு. மினேவுக்கு அவமானமாகப் போயிற்று.

"அந்த மெஷின் பொய் சொல்லுது டாக்டர்."

"எப்படி அளந்தீங்க, கொஞ்சம் செஞ்சு காட்டுங்க ஐயா" என்றார் டாக்டர்.

ஷூசோ கையை மடியில் போட்டுக் காட்டினார்.

"அதான். மணிக்கட்டு நெஞ்சுக்கு நேரா இருக்கணும். கீழ தொங்கினா எண்ணு ஏறும், மேல தூக்கினா இறங்கும்."

"அப்போ தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டா வியாதியே இல்லையா?" என்று கேட்டாள் மினே.

"வியாதி இருக்கும்மா. எண்ணுதான் இருக்காது."

பிறகு டாக்டர் முறையைச் சொன்னார். எழுந்து ஒரு மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் முன்னால். முழங்கையை மேசையில் ஊன்றி, கைக்கு அடியில் துண்டை மடித்து வைத்து, முதுகு சாய்ந்து, இரண்டு நிமிஷம் சும்மா இருந்துவிட்டு அளக்க வேண்டும். பேசக் கூடாது.

"அத அவருக்குச் சொல்ல வேண்டாம் டாக்டர், எனக்குச் சொல்லுங்க" என்றாள் மினே.

முறைப்படி இரண்டு வாரம் அளந்தார்கள். காலை எண் நூற்று அறுபத்தைந்துக்குக் கீழே இறங்கவே இல்லை. ஒரு நாள் நூற்று எழுபத்தாறு. நோட்டைப் பார்த்த டாக்டர் தலையாட்டினார். "இங்க வந்தா நல்ல பிள்ளையா உக்காந்துக்குது. வீட்டுலதான் சுயரூபத்தக் காட்டுது. சிலருக்கு அப்படித்தான். நான் உங்க நோட்ட நம்புறேன்." ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊறுகாயைக் குறைக்கச் சொன்னார். அன்றிலிருந்து சோயா விழுதில் வைக்கும் மீசோ சூப்பும் உப்புக் குறைந்து வெந்நீர் மாதிரி ஆயிற்று. ஷூசோ ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார்.

கனவுகள் வரத் தொடங்கியது அந்த மாத்திரைக்குப் பிறகுதான்.

அவர் கனவு காண்கிற ஆள் அல்ல. படுத்தால் கட்டை, எழுந்தால் ஆள். ஆனால் டிசம்பர் பிறந்ததும், விடிவதற்குச் சற்று முன்னால், ஒவ்வொரு நாளும் அவர் வண்டியில் இருந்தார். உட்கார்ந்திருப்பது பழைய இருக்கை. வலது பக்கம் கிழிந்து பஞ்சு தெரியும். ஸ்டியரிங்கின் குளிர் கையில் ஏறியது. கண்ணாடிக்கு வெளியே பனி மேலிருந்து விழவில்லை, கீழிருந்து மெல்ல எழும்பி வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. சாலை இல்லை. ஆனாலும் வண்டிக்கு வழி தெரிந்திருந்தது. உள்ளே ஆள் நிறைந்திருந்தார்கள். ஈரக் கம்பளியும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை.

கண் விழித்தால் ஜன்னலில் பனி வெளிச்சம். நீலமும் இல்லை, வெள்ளையும் இல்லை. மண்ணெண்ணெய் அடுப்பை மூட்டிவிட்டு, மேசைக்கு வந்து துண்டை மடித்து, கருவியைக் கட்டிக்கொண்டு உட்காருவார். அந்த இரண்டு நிமிஷமும் கனவு அவரை விட்டுப் போகாமல் பக்கத்திலேயே நிற்கும். இறங்க வேண்டிய இடம் வந்தும் இறங்க மனசில்லாத பயணி மாதிரி. பொத்தானை அமுக்கினால் கருவி மணிக்கட்டைப் பிடிக்கும். யாரோ கையைப் பிடித்து, இன்னும் கொஞ்சம் இருங்கள் என்று சொல்வதுபோல இருக்கும். பிறகு விட்டுவிடும். எண்ணை எழுதுவார். நூற்று ஐம்பத்திரண்டு. நூற்று நாற்பத்து நான்கு. நூற்று முப்பத்தெட்டு.

ஒரு நாள் எண்ணை எழுதிய பிறகும் பென்சிலைக் கீழே வைக்கவில்லை. ஜலதோஷம், தலைவலி, முந்தின நாள் குடித்த சாராயம் ஆகியவற்றை எழுதத்தான் குறிப்புக் கட்டம். அதில், "வண்டி நிறைய ஆள்" என்று எழுதினார்.

அடுத்த நாள்: "ஆற்றின் நடுவில் மணி அடித்தார்கள். நிறுத்தினேன். ஏழு பேர் இறங்கினார்கள். யாரும் நனையவில்லை."

அதற்கடுத்து: "பள்ளிக்கூடக் கூரைமேல் ஒரு நிறுத்தம். அதன் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. ஒலிபெருக்கியில் சொன்னேன். இப்போது மறந்துவிட்டது."

மினே எண்களைத்தான் பார்ப்பாள். கண்ணாடி போடாமல் பார்த்தால் எண் தெரியும், எழுத்து தெரியாது. எண் இறங்க இறங்க அவளுக்கு முகம் மலர்ந்தது. ஜனவரி நடுவில் ஒரு காலை, அவர் வாசலில் பனி வாரிக்கொண்டிருந்தபோது, மகளிடம் தொலைபேசியில் வாசித்துக் காட்டலாம் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் திறந்தாள்.

தொலைபேசியை எடுக்கவே இல்லை.

நின்றபடியே வாசிக்கத் தொடங்கியவள் உட்கார்ந்துவிட்டாள். நாற்பத்தைந்து வருஷத்தில் இந்த மனுஷன் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் இவ்வளவு வராது என்று தோன்றியது. செத்துப்போன தபால்காரர் வண்டியில் ஏறியிருந்தார். பூட்டிப் போட்ட மரக்கிடங்கின் ஆட்கள் மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு தூங்கிக்கொண்டிருந்தார்கள். குதிரை ஒன்று கடைசி இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தது. ஜனவரி ஒன்பதாம் தேதியில் இப்படி இருந்தது: "செத்சுகோ வந்தாள். விசில் ஊதி வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னாள். எடுத்துக்கொண்டே இருந்தேன். எங்கும் முட்டவில்லை. 138/84."

அதற்குக் கீழே பத்தாம் தேதி: "கடைசி நிறுத்தத்தில் மினே ஏறினாள். இருபத்திரண்டு வயது. இடம் இருந்தும் உட்காராமல், எப்போதும்போல என் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஊர் வந்தும் இறங்கவில்லை. 131/78."

மினே கண்ணாடியைக் கழற்றினாள். அவள் அப்போது கணவாய்க்குக் கீழே நூடுல்ஸ் கடையில் பரிமாறுகிற பெண். சாயங்கால வண்டியில்தான் வீடு திரும்புவாள். அத்தனை இடம் காலியாக இருக்க, ஓட்டுனரின் பிடரியைப் பார்த்தபடி ஏன் நின்றுகொண்டு வந்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த விஷயம். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அப்புறம் ஒரு தூதுக்காரி மூலமாகப் பெண் கேட்டு வந்தார்கள். எல்லாம் தற்செயல் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

ஷூசோ பூட்ஸைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். புருவத்தில் பனி.

"யாருங்க அந்த செத்சுகோ?" என்றாள் மினே.

அவர் நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். காது சிவந்தது.

"கண்டக்டர். அந்தக் காலத்துல."

"அழகா இருப்பாளோ?"

"விசில் நல்லா ஊதுவா."

"ஓகோ. விசிலு! நான் சோறு ஆக்கிப் போடுறேன், துணி துவைக்கிறேன், உப்பக் கொறைக்கிறேன். விசில்தான் கத்துக்காம வுட்டுட்டேன்."

"அவளுக்கு இப்போ அறுபத்தஞ்சு வயசு. மொரியோகாவுல பேத்தி எடுத்துட்டா."

"கனவுல எத்தன?"

அவர் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாது. "இருபதுதான்."

மினே சிரித்த சிரிப்பில் அடுப்பின் மேலிருந்த கெட்டில் மூடி ஆடியது. பத்தாம் தேதியைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் மட்டும், டாக்டர் சொன்னதை மீறி, அவர் தட்டில் புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் இரண்டு வில்லை வைத்தாள்.

பிப்ரவரியில் ஒரு காலை, அடுப்புக்கு எண்ணெய் ஊற்றிவிட்டு எழுந்தவருக்குக் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மினே அவரை உட்கார வைத்துக் கருவியைக் கட்டினாள். அழுத்தம் நூற்றுப் பதினெட்டு. நாடி நாற்பத்து மூன்று. இரண்டாவது தடவையும் நாற்பத்து மூன்று.

டாக்டர் ஒனோதெரா நோட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். எண்களைத்தான் பார்க்கத் தொடங்கினார். போகப் போக விரல் குறிப்புக் கட்டத்துக்கு நகர்ந்தது. வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். அவர் வாசித்துக்கொண்டே இருந்தார்.

"குதிர எங்க எறங்குச்சு?" என்று கேட்டார் கடைசியில்.

"எறங்கல. பாஸ் வெச்சிருந்துச்சு" என்றார் ஷூசோ.

டாக்டர் சிரித்துவிட்டு நோட்டை மூடினார். "ஐயா, இந்த மாத்திர சிலருக்குக் கனவ ஜாஸ்தி பண்ணும். நாடியையும் கொறைக்கும். உங்களுக்கு ரெண்டும் நடந்திருக்கு. மாத்திடலாம். வேற மாத்திரைக்குக் கனவு வராது."

ஷூசோ தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டிருந்தார். பிறகு, மினே அந்த அறையில் ஒருபோதும் எதிர்பார்க்காத அளவு நீளமாகப் பேசினார்.

"டாக்டர், மாத்தாம இருக்க முடியுமா? நான் ஓட்டினப்போ ஒருத்தர் மூஞ்சியையும் சரியாப் பாத்ததில்ல. ரோட்டத்தான் பாத்தேன். கண்ணாடியில தலை தலையாத் தெரியும், அவ்வளவுதான். இப்பத்தான் பாக்குறேன்."

மினே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா நாப்பத்து மூணு ரொம்பக் கொறைச்சல். படியில வுழுந்தீங்கன்னா யாரு பொறுப்பு? ஒரேயடியா நிறுத்த மாட்டேன், அது ஆபத்து. ரெண்டு வாரம் பாதி மாத்திர, அடுத்த ரெண்டு வாரம் கால் மாத்திர, அப்புறம் புதுசு மட்டும்."

அப்படியே செய்தார்கள். மினே சின்னக் கத்தியால் மாத்திரையை இரண்டாக வெட்டினாள். பாதி மாத்திரைக்கு வண்டியிலும் கூட்டம் குறைந்தது. மரக்கிடங்கு ஆட்கள் ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு இறங்கினார்கள். தபால்காரர் இறங்கும்போது, சில்லறை இருக்கிறதா என்று கேட்டார். குதிரை ஒரு நாள் வரவேயில்லை. கால் மாத்திரை ஆனதும் பனி எழும்புவது நின்று, சாலை தெரியத் தொடங்கியது. அது சாதாரணச் சாலையாக இருந்தது. ஷூசோ எல்லாவற்றையும் எழுதினார். மார்ச் பதினொன்றாம் தேதி இப்படி: "காலி வண்டி. இன்ஜினை நிறுத்தினேன். எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம். வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். 127/76. நாடி 58." அதற்குப் பிறகு குறிப்புக் கட்டம் வெறுமையாகவே இருந்தது.

சில நாட்கள் அவர் அளந்து முடித்தும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார். கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, மினே தேநீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த மரக்கெடங்கு ஆளுங்கள்ல ஒருத்தன் நொண்டுவானே, அவன் வந்தானா?"

"வந்தான். முன் சீட்டு."

"எங்க நூடுல்ஸ் கடையில வந்து ரெண்டு கிண்ணம் சாப்புட்டு ஒரு கிண்ணத்துக்குக் காசு குடுப்பான், களவாணிப் பய."

ஷூசோ தேநீரை உறிஞ்சினார். "பஸ்ஸுலயும் அப்படித்தான். ஒரு ஸ்டாப்பு முன்னாடிக்கு டிக்கெட் வாங்குவான்."

"நீங்க கண்டுபுடிச்சீங்களா?"

"கண்டுபுடிச்சேன். சொல்லல."

அன்று சூப் ஆறிப்போகும் வரை பேசினார்கள். மறுநாளும் பேசினார்கள். அவர் ஒரு பெயரை எடுப்பார், அவள் மீதியைச் சொல்வாள். சில நாள் அவளே தொடங்குவாள்.

செர்ரி மொட்டு விட்ட ஒரு ஏப்ரல் காலையில், எண்ணை எழுதிவிட்டு, "மேல வரைக்கும் போயிட்டு வரலாமா?" என்று ஷூசோ கேட்டார். அந்தத் தடத்தில் அவர் ஒரு நாளும் பயணியாகப் போனதில்லை. ஒன்பதே காலுக்கு நிலையத்தில் ஏறினார்கள். சின்ன வண்டிதான் இப்போது. இவர்களைத் தவிர மூன்று பேர். ஓட்டுனர் ஒரு பெண். பெரியவரை யாரென்று தெரிந்துகொண்டு தொப்பியைத் தொட்டாள்.

"எங்க உக்கார?" என்று அவர் மினேயிடம் கேட்டார்.

"என்கிட்ட என்ன கேள்வி? நான் நின்னுக்கிட்டே வந்தவ" என்றாள் அவள். அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் ஜன்னலோர இருக்கையை அவருக்குக் காட்டினாள்.

முதல் பாலம் வரை கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தார். ஆற்றில் பனிநீர் பச்சையாகப் போயிற்று. இரண்டாவது பாலத்தில் அவர் உதடு அசைந்தது, அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டது. மூன்றாவது பாலத்தில் தலை சாய்ந்து மினேயின் தோளில் விழுந்தது. வெயில் அவர் மூக்குக் கண்ணாடியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. மினே அவருடைய இடது மணிக்கட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நாடி விரலுக்குக் கீழே நிதானமாக ஓடியது.

வெந்நீர் ஊற்றுக்கு வந்து வண்டி நின்றது. மற்றவர்கள் இறங்கினார்கள். ஓட்டுனர் பெண் கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"கடைசி ஸ்டாப்பும்மா. ஐயாவ எழுப்பட்டுமா?"

"திரும்ப எப்போ கெளம்பும்?" என்று கேட்டாள் மினே.

"இருபது நிமிஷம் இருக்கு."

"அப்போ வேண்டாம்மா, தூங்கட்டும். ரெண்டு டிக்கெட் கீழ வரைக்கும் குடு."