சன்னல் கம்பிகளுக்கு நடுவே இளஞ்சிவப்பு

உத்தமபாளையத்தில் பந்தல் துணி வாடகைக்கு விடுகிறேன். ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் உட்கார்ந்து துணிகளில் ஓட்டை பார்த்தேன். பச்சைத் துணியில் கறுப்புக் கோடுகள் நெட்டுக்கு ஓடும், சிவப்பில் குறுக்காக. ஒன்று மாற்றி ஒன்று கொடியில் விரித்து, முறைத்து முறைத்துப் பார்த்துத் தைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, சன்னல் வழியே எதிர்வீட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால், நெட்டுக்கு நிற்கும் கறுப்புக் கம்பிகளுக்கு நடுவே வெள்ளை இல்லை. இளஞ்சிவப்பு. கண்ணைக் கசக்கினேன். போகவில்லை.

சிரிக்காதீர்கள். என் வயதில்தான் அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பார்வை போனது. விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறது என்று முதலில் சொன்னார். நாங்கள் கேலி செய்தோம். நாங்கள் என்றால், நான்.

அன்றைக்கே கண்ணை மூடிக்கொண்டு வீட்டுக்குள் நடந்து பழகினேன். முன்னேற்பாடாம்! கட்டில் காலில் மோதி கட்டைவிரல் வீங்கியது.

“பொட்டிப்புரம் மலைய நியூட்ரினோ ஆராய்ச்சிக்குன்னு இன்னும் தோண்டவே இல்ல. அதுக்குள்ள உங்களுக்குக் கதிர் அடிச்சிருச்சாக்கும்?” என்றாள் மனைவி.

தேனியில் கண் டாக்டரம்மா எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடுகள் போட்டுக் காட்டினார்.

“என்ன நிறம்?”

“லேசா சிவப்பு, டாக்டர்.”

தாளைத் திருப்பிக் கோடுகளைப் படுக்க வைத்தார். “இப்ப?”

பச்சை! நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

என் தொழிலை விசாரித்துவிட்டுச் சிரித்தார். “கண்ணு நல்லா இருக்கு. நெட்டுக்கோடு வந்தா கூடவே பச்சை வரும்னு மூளை பழகிருச்சு. அதான் முன்கூட்டியே பச்சையக் கழிச்சிருது, மிச்சம் சிவப்பாத் தெரியுது. படுக்கைக்கோட்டுக்கு நேர்மாறு. தானா மறந்துரும், சில வாரம் ஆகலாம்.”

வீட்டில் அன்று நான்தான் வித்தைக்காரன். தலையைத் தோளில் சாய்த்தால் சன்னல் பச்சை, நிமிர்த்தினால் சிவப்பு. மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“ஏலே, தலையச் சாச்சா மாறுதா?” என்று அத்தா கேட்டார்.

“ஆமாத்தா. சேவல் மாதிரி சாய்க்கணும்.”

பிறகு தினமும் அந்தச் சாயம் வெளிறிக்கொண்டே வந்தது. ஒரு காலை, சுவர் வெறும் வெள்ளை. மற்ற சன்னல்களிலும் பார்த்து உறுதி செய்துகொண்டு, அத்தாவிடம் சொல்ல ஓடினேன்.

அவர் தன் அறைச் சன்னலுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். நான் வந்தது தெரியவில்லை. தலையை வலது தோளில் சாய்த்தார். காத்திருந்தார். மெல்ல இடது தோளில் சாய்த்தார். அங்கேயும் கொஞ்ச நேரம்.

பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கட்டில் காலில் இடிக்காமல், சத்தமில்லாமல் பின்வாங்கி வந்தேன்.